கார்போகக் கிழங்கைத் தையில் தோண்டியபோது

நீலகிரியில் கேத்திப் பக்கம் என் பெரியம்மாவுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. முழுசாக ஒரு சென்ட்கூட வராது. வீட்டுச் செலவுக்கென்று கிழங்கு, பீன்ஸ், பூண்டு என மாற்றி மாற்றிப் போடுவார். போன வருடம் சித்திரையில் பத்துக் கிலோ உருளை விதைக்கிழங்கு நட்டிருந்தார். ஆவணியில் எடுக்க வேண்டியது. அதற்குள் முழங்கால் அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டுக்குப் போனவர் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. ஆடி மழை முடிந்தது, ஐப்பசி மழையும் முடிந்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்தது. பொங்கல் கழிந்த பிறகுதான் நான் போய்க் கொத்து வைத்தேன்.

“எல்லாம் அழுகிப் போயிருக்கும் கண்ணு, கொத்திப் புரட்டிவிட்டு கேரட் போட்டுடு” என்று பெரியம்மா போனில் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், “மண்ணுக்குள்ள இருந்தா கிழங்கு கெடாதுங்க தம்பி, பாருங்க” என்றார். தோண்டிப் பார்த்ததில் இரண்டு பேர் சொன்னதும் ஆளுக்குப் பாதி சரியாக இருந்தது. இப்படி நாள் கடந்த கிழங்கில் தோண்டுவதைவிடத் தரம் பிரிப்பதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு கிழங்கையும் மண் ஒவ்வொரு மாதிரி நடத்தியிருக்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் சமையலுக்கா, வற்றலுக்கா, கழிவுக் குழிக்கா என்று முடிவு செய்ய வேண்டும்.

நீலகிரியில் உருளைக்கிழங்குக்கு மூன்று போகம். சித்திரையை ஒட்டி நடுவது கார்போகம், ஆவணியை ஒட்டிக் கடைபோகம், தை மாசியில் தண்ணீர் பாய்ச்சி நடுவது நீர்போகம். பெரியம்மா போட்டது குஃப்ரி ஜோதி. 1968இல் வெளியிட்ட ரகம், தோல் வெளுப்பு, கண்கள் ஆழமில்லை, மலையில் நாலு மாதத்தில் முற்றிவிடும். செடி பழுத்துக் காய்ந்ததும் இரண்டு வாரம் விட்டுவைப்பது நல்லதுதான். அந்த இடைவெளியில் தோல் கெட்டிப்படும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் உரியக் கூடாது, அதுதான் அடையாளம். அதற்கப்புறம் மண் கிழங்குக்கு ஒன்றும் செய்து தராது. கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். உறக்கம் கலைந்தால், ஈரமும் இருந்தால், முளைத்துவிடும். அதைத் தோண்டினோமா இல்லையா என்பது கிழங்குக்குக் கணக்கே இல்லை.

நிலத்தைப் பார்த்ததுமே உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தது. கிழங்கு நட்ட மண்மேடுகளான பார்கள் பாதி கரைந்திருந்தன. கீழ்ப்பக்கம் இரண்டு பாரில் காட்டெருமை நடந்து போன குளம்புத்தடம். அந்த இடத்தில் மண் விலகி, கிழங்குகள் வெளியே தலைநீட்டிப் பச்சையாக இருந்தன. மேல்பக்கம் இடுப்பளவு களை. நடுவில் அங்கங்கே உயிரோடு உருளைக்கிழங்குச் செடிகள் நின்றன. ஆவணியில் காய்ந்த செடி தையில் பச்சையாக நிற்காது. அவை கீழே கிடந்த கிழங்கு மறுபடி முளைத்து வந்தவை. தோண்டுவதற்கு முன்பே அவை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டுவைத்தேன். களையை அரிந்துவிட்டால் எது எங்கே நின்றது என்று அப்புறம் தெரியாது. குச்சி இருக்கிற இடத்தில் தோண்டினால் கிழங்கைத் தனியாகப் போட வேண்டும், ஏனென்றால் அங்கே இரண்டு தலைமுறை கலந்து கிடக்கும்.

தை மாதம் கேத்திப் பள்ளத்தாக்கில் காலையில் உறைபனி விழும். வெயில் ஏறி, புல்மேல் இருக்கிற வெள்ளை கரைந்து, மண்ணில் குளிர் விட்ட பிறகுதான் கொத்தைத் தொட்டேன். ஜில்லென்று இருக்கும் கிழங்கு லேசாக இடித்தாலே உள்ளுக்குள் கன்றிப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது, வெட்டினால் சாம்பல் நிறத்தில் இருக்கும். மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தேன். உருண்டையாக நிற்காமல் உதிர்ந்தது. இந்தப் பதம்தான் வேண்டும். சேறாக இருக்கும்போது எடுத்த கிழங்கை எந்தச் சாக்கில் வைத்தாலும் நிற்காது.

மண்வெட்டியைத் தவிர்த்துவிட்டுப் பல் உள்ள கொத்தை எடுத்துக்கொண்டேன். பார் கரைந்துவிட்டதால் கிழங்கு எங்கே இருக்கிறது என்று ஊகிக்க முடியாது, மண்வெட்டி விழுந்தால் மூன்றில் ஒன்று வெட்டுப்படும். பார்களுக்கு நடுவே பள்ளமாக இருக்கிற சாலில் இருந்து, பாரின் நடுவுக்கு ஓர் அடி தள்ளி, பல்லைச் சரிவாக இறக்கி மண்ணை நெம்பி மேலே தூக்குவது. அப்புறம் கைதான்.

முதலில் எடுத்தது ஒரு குச்சிச் செடி. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரச்சினை முழுக்க அந்த ஒரு குழியில் இருந்தது. தண்டைப் பிடித்து இழுக்காமல் சுற்றிலும் மண்ணை விலக்கிக்கொண்டே போனேன். ஒரு சாண் ஆழத்தில் பழைய கிழங்கு. கோழிமுட்டை அளவு, வற்றிச் சுருங்கி, அழுத்தினால் விரல் பதிந்தது. அதன் மூன்று கண்களிலிருந்து வெள்ளைத் தண்டு கிளம்பி, ஒன்று மட்டும் மேலே வந்து செடியாகியிருந்தது. மற்ற இரண்டும் வெளிச்சத்தைப் பார்க்காமலே மண்ணுக்குள் படர்ந்து, நுனியில் கோலிக்குண்டு அளவுக்குப் புதுக் கிழங்குகளை விட்டிருந்தன. ஒரு குண்டு தண்டே இல்லாமல் பழைய கிழங்கின் கண்மேல் நேராக ஒட்டிக்கொண்டிருந்தது. அதே குழியில், ஒரு விரல் தூரத்தில், இன்னொரு பழைய கிழங்கு முளையே விடாமல் கெட்டியாக, எடுத்த அன்றைக்கே மண்டிக்கு அனுப்பலாம் போலக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கிழங்கின் தோல் மட்டும் இருந்தது. தொட்டதும் உள்ளே இருந்தது கூழாக வழிந்தது, மீன் அழுகின மாதிரி நாற்றம்.

ஒரே செடியில் வந்த கிழங்குகள், ஒரே மண், ஒரே மழை. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதி. ஒன்று தண்ணீர் தேங்கிய பக்கம் இருந்திருக்கும், ஒன்றின் தோலில் புழு ஓட்டை போட்டிருக்கும், ஒன்று கொஞ்சம் பிந்திப் பிடித்திருக்கும். மேலாகப் பார்த்து “இந்தப் பாத்தி போச்சு” என்றோ “எல்லாம் நல்லாயிருக்கு” என்றோ சொல்லிவிட முடியாது என்பது அந்தக் குழியிலேயே தெரிந்துவிட்டது.

பழைய சாக்குகளை வரப்பில் விரித்து, எடுக்க எடுக்கப் பிரித்துப் போட்டேன். கெட்டியாக, முளை இல்லாமல், வெட்டுக்காயம் இல்லாமல் இருப்பவை ஒரு பக்கம். முளைத்தும் இன்னும் கெட்டி குறையாதவை ஒரு பக்கம். புதிதாகப் பிடித்த சிறு கிழங்கு தனி. பச்சை தனி. மிச்சம் எல்லாம் குழிக்கு.

கெட்டியானவற்றிலும் ஒரு பிரிவினை தேவைப்பட்டது. சில கிழங்குகளின் தோல் முழுக்கக் கடுகு அளவில் வெள்ளைப் பொட்டுகள், கொஞ்சம் மேடாகத் தெரிந்தன. அவை கிழங்கு மூச்சு விடுகிற துளைகள். மண்ணில் தண்ணீர் தேங்கிக் காற்று கிடைக்காதபோது அந்தத் துளைகள் உப்பி வாய் திறந்துகொள்ளும். அழுகல் பாக்டீரியா உள்ளே போவது அந்த வழியாகத்தான். இப்போது பார்க்க நன்றாக இருந்தாலும் இவற்றைச் சேமித்து வைக்கக் கூடாது, அந்த வாரமே சமைத்துவிட வேண்டும். வெண்புழு குடைந்ததும் இதே கணக்குதான். குடைந்த இடத்தை அரிந்துவிட்டு உடனே பயன்படுத்தலாம். எலி கடித்ததை மட்டும் அரிந்துகூட எடுக்கவில்லை, அப்படியே குழியில் போட்டேன். தோலில் கருப்பு மண் ஒட்டின மாதிரி, கழுவினாலும் போகாத புள்ளிகள் நிறைய இருந்தன. அது ஒரு பூஞ்சையின் உறங்கும் உருவம். செடி காய்ந்த பிறகு எத்தனை நாள் மண்ணில் விடுகிறோமோ அத்தனைக்கு அது கூடும். சாப்பிட அதனால் கெடுதல் இல்லை, தோலோடு போய்விடும். விதைக்குத்தான் ஆகாது.

அழுகலில் எல்லாம் ஒன்றல்ல. எது என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்து அந்த நிலத்தில் என்ன போடலாம் என்று முடிவு செய்ய முடியும். கூழாகி நாறுவது ஈர அழுகல், மண் வடியாததால் வருவது. தோலுக்கடியில் செம்பழுப்பாக, உலர்ந்த மாதிரி உள்ளே பரவுவது இலைக்கருகல் நோய் மழையில் இலையிலிருந்து இறங்கிக் கிழங்கைப் பிடித்தது. மூன்றாவது ஒன்று உண்டு, அதைத்தான் தேடிப் பார்த்தேன். வெளியே கெட்டியாக இருக்கும் கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தோலிலிருந்து கொஞ்சம் உள்ளே பழுப்பாக ஒரு வளையம் ஓடும். அழுத்தினால் அந்த வளையத்திலிருந்து பால் மாதிரி வெளுத்த திரவம் துளித்துளியாகக் கசியும். அதுதான் பழுப்பு அழுகல், செடியில் வாடல் நோயாக வரும் அதே பாக்டீரியா. சந்தேகமாக இருந்தால் வெட்டின துண்டை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் படும்படி அசையாமல் பிடித்துப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை நூல் போல இறங்கும். கீழ்ப்பக்கத்துப் பாரில் எடுத்த இரண்டு கிழங்கில் நூல் இறங்கியது. அந்தப் பாரில் வெட்டின கத்தியையும் கொத்தையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் மேல்பக்கம் போனேன். வெட்டுக்கத்தி வழியாகவே அது அடுத்த கிழங்குக்குப் போகும்.

எடுத்து முடித்தபோது, வழக்கமாக ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் வருகிற நிலத்தில், வைத்துச் சாப்பிடுகிற தரத்தில் பதினைந்து கிலோ போலத் தேறியது. உடனே சமைக்க வேண்டியது அதே அளவு. புதுக் கிழங்கு ஒரு சின்னக் கூடை. மண்ணுக்குள் அவ்வளவு மழையில் கிடந்ததற்கு இது மோசமில்லை என்றுதான் நினைக்கிறேன். மேல்பக்கம் சரிவாக, தண்ணீர் நிற்காமல் ஓடியதால்தான் அந்தப் பதினைந்தும் கிடைத்தது. தேறியதில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததுதான்.

நல்ல கிழங்கைக் கழுவவில்லை. வெயிலில் காயப்போடவும் இல்லை. வெயிலில் பரப்பி வைப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கிறேன், ஒரு பகல் கிடந்தாலே தோல் பச்சை கட்ட ஆரம்பித்துவிடும். நிழலில் மண் உதிரும் வரை விட்டு, கையால் தடவிவிட்டு, கேரட் கொண்டுபோகும் கிரேட் பெட்டிகளில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்பி, சாக்கு போட்டு மூடி, வெளிச்சம் வராத அறையில் வைத்தேன். இரண்டு வாரம் அப்படி இருந்தால் தோண்டும்போது பட்ட கீறல்கள் ஆறிக் கெட்டிப்படும். அந்த இரண்டு வாரமும் தினம் ஒரு தடவை சாக்கைத் தூக்கி மோந்து பார்த்துவிடுவேன். ஒன்று அழுக ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

சமையலில் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த மண்ணில் ரொம்ப நாள் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறும். ஒரு வில்லை சீவி எண்ணெயில் போட்டுப் பார்த்தேன், வேகுமுன்பே கருஞ்சிவப்பாகிவிட்டது, வாயில் போட்டால் இனிப்பு. குளிரால் வந்த இனிப்பு என்றால், வீட்டுக்குள் 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரம் இருந்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். முளை விடாத கிழங்கில் அப்படித்தான் குறைந்தது, பிறகு சிப்ஸ் பொன்னிறமாகவே வந்தது. முளைத்த கிழங்கில் இனிப்பு போகவே இல்லை. அது குளிரால் வந்ததல்ல, வயதால் வந்தது. முளைக்கு உணவு அனுப்பத் தொடங்கிய கிழங்கு திரும்பிப் பழைய நிலைக்கு வராது. அதனால் முளைத்ததைப் பொரிக்க வைத்துக்கொள்ளவே வேண்டாம். குழம்புக்கும் குருமாவுக்கும் போட்டு அந்த வாரமே தீர்த்துவிடலாம்.

எது குருமாவில் கரையாமல் நிற்கும், எது மசியலுக்கு ஆகும் என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஒரு டம்ளர் உப்பைப் பதினோரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போட வேண்டும். மூழ்கினால் மாவு அதிகம், மசியலுக்கும் போண்டாவுக்கும் நல்லது. மிதந்தால் மாவு குறைவு, கறியில் துண்டாகவே நிற்கும். முளைத்த கிழங்கு ஏறக்குறைய எல்லாமே மிதந்தது. இந்தச் சோதனை போட்டதை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், ஈரத்தோடு எடுத்து வைக்கக் கூடாது.

முளை ஒரு விரற்கடை அளவுக்குள் இருந்து கிழங்கும் கெட்டியாக இருந்தால், முளையைக் கண்ணோடு சேர்த்து ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். சுருங்கித் தொய்ந்திருந்தால் எடுக்கவில்லை. பச்சை விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பச்சை நிறம் இலையில் இருக்கும் அதே பச்சையம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சம் சோலனைன் வகை நஞ்சையும் தோலில் கூட்டியிருக்கும். 100 கிராம் கிழங்கில் 20 மில்லிகிராம் என்பதைத்தான் பொதுவாக எல்லையாகச் சொல்கிறார்கள். அதை வீட்டில் அளக்க முடியாது, நாக்குதான் அளவுகோல். சமைத்த பிறகு கசந்தாலோ தொண்டையில் எரிச்சல் வந்தாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய, போகாது. ஓரத்தில் கொஞ்சம் பச்சை என்றால் தடிமனாகச் சீவிவிட்டு எடுக்கலாம். காட்டெருமை கிளப்பிவிட்ட பாரில் இருந்தவை முழுக்கப் பச்சை. மாட்டுக்குக்கூடக் கொடுக்கவில்லை. மாட்டுக்கும் அது நஞ்சுதான்.

வெட்டுப்பட்டவை, பொட்டு விழுந்தவை, புழு குடைந்தவை எல்லாவற்றையும் சுத்தம் செய்து வற்றல் போட்டோம். தை மாசியில் மலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றிலும் ஈரம் இருக்காது. வில்லைகளாகச் சீவி, தண்ணீர் தெளியும் வரை அலசி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் முக்கால் வேக்காடு எடுத்து, வெள்ளைத் துணியில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். பனி இறங்குவதற்குள் துணியை உள்ளே எடுத்துவிட வேண்டும். உடைத்தால் சத்தம் வர வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில் தேவை. அலசிய தண்ணீரின் அடியில் வெள்ளை மாவு தங்கியது. அதைக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், கட்லெட் உதிராமல் பிடித்துக்கொள்ள நன்றாக இருக்கிறது.

பெரியம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. “முளைச்சதை எல்லாம் எடுத்து வை கண்ணு, நீர்போகத்துக்கு நட்டுடலாம்.” அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழுப்பு அழுகல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு. 1961இல் நீலகிரியில்தான் இந்தியாவில் முதலில் அது கண்டுபிடிக்கப்பட்டது, அதன்பிறகு இந்த மலையில் கிழங்கு போட்ட எவருக்கும் அது தெரியாத விஷயமல்ல. பல தோட்டங்கள் கிழங்கை விட்டுக் கேரட்டுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். குச்சி நட்ட செடிகளின் வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, மஞ்சளும் பழுப்புமாக உருண்டைகள் வேரில் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு உருண்டையும் நூற்றுக்கணக்கான முட்டை கொண்ட கூடு. மண்ணில் பல வருடம் அப்படியே உயிரோடு கிடக்கும், பக்கத்தில் கிழங்கு வேர் வந்தால் பொரியும். தோண்டாமல் விட்டு மறுபடி முளைத்த செடிதான் அதற்கு இடைவிடாமல் தீனி போட்டிருக்கிறது. இந்த மண்ணில் வந்த கிழங்கை விதையாக இன்னொரு பாத்திக்கு எடுத்துப்போனால் நோயையும் கையோடு எடுத்துப்போவதுதான். இனி அங்கே கிழங்கு என்றால், சில வருடம் இடைவெளி விட்டு, குஃப்ரி சுவர்ணா மாதிரி நூற்புழுவைத் தாங்குகிற ரகமாகப் பார்த்து வாங்கலாம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1957 முதல் இருக்கிற உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்துக்கொண்டு செய்யலாம் என்று சொன்னேன். பெரியம்மாவுக்கு வருத்தம்தான். வேரைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு, “சரி, பூண்டு போடு” என்றார்.

தோண்ட ஆள் கிடைக்காமல், நாள் தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே தெரிகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காய்ந்த செடியைத் தரையோடு அரிந்து அப்புறப்படுத்துங்கள், பாரின்மேல் ஒரு கை மண் கூட்டி வெடிப்பை மூடுங்கள், சாலில் தண்ணீர் நிற்காமல் கீழே ஒரு வடிகால் வெட்டுங்கள். இதற்கு ஒரு காலை நேரம் போதும். செடி காய்ந்து ஒரு மாதம் வரை ஓரளவு பயமில்லாமல் இருக்கலாம். மண் மூடியிருந்தால் பச்சை கட்டாது, கிழங்கு அந்துப்பூச்சி முட்டையிட வெடிப்பும் கிடைக்காது. முளைப்பதை மட்டும் எதனாலும் நிறுத்த முடியாது.

கழிவுக் கிழங்கை எருக்குழியில் போடவில்லை. வாய்க்காலுக்கும் பாத்திக்கும் தள்ளி, இடுப்பளவு ஆழத்தில் தனிக் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவி மூடினேன். பாத்தியை மறுபடி ஒரு தடவை முழுக்கக் கொத்திக் கிளறினேன். முதலில் கையில் படாத கோலிக்குண்டுக் கிழங்குகள் அப்போதும் ஒரு சட்டி நிறையக் கிடைத்தன. இதைச் செய்யாமல் விட்டால் முன்னால் செய்த எல்லாம் வீண். அந்தக் குண்டு ஒவ்வொன்றும் அடுத்த மழைக்குச் செடியாகி நூற்புழுவை வளர்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது மேல்பக்கம் பூண்டு, கீழ்ப்பக்கம் கேரட். கேரட் வரிசைக்கு நடுவே இன்னும் அங்கங்கே கிழங்கு முளை தலைகாட்டுகிறது. களையெடுக்க வருகிற அக்காவிடம் காட்டி வைத்திருக்கிறேன். மேலே கிள்ளினால் கீழேயிருந்து மறுபடி தளிர்க்கும். களைக்கொத்தைப் பக்கத்தில் இறக்கி, அடியில் இருக்கிற கிழங்கோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.